சர்க்கரையும் கிட்னியும் சேர்ந்து வந்த பூனையோடு கோத்தகிரியில்

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னால் நம் ஊரில் பலர் நம்புவதே இல்லை. அதோடு கிட்னியும் கெட்டிருக்கிறது என்றால், "இதுக்கு மேல என்ன பண்ண முடியும், விட்டுடுங்க" என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் முத்து அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் என்னோடு இருந்தான், அதில் பெரும்பகுதி நல்லபடியாகவே இருந்தான். முதல் இரண்டு மூன்று மாதம்தான் நரகம். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய பல விஷயங்களைச் சொல்ல ஆள் இல்லை. ஒரு நோய்க்குச் செய்கிற வைத்தியம் இன்னொரு நோயை எப்படிப் பாதிக்கும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. கோத்தகிரியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள். கணவர் திருப்பூரில் வேலை, வார இறுதியில்தான் மேலே வருவார். இங்கே நான் சொல்லும் மருந்து அளவெல்லாம் முத்துவுக்கு அவன் டாக்டர் சொன்னது. உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முத்து செவலை நிறக் கடுவன். கருத்தடை செய்தவன். அப்போது 11 வயது, ஒரு காலத்தில் 7 கிலோவுக்குக் கிட்டத்தட்ட இருந்தவன். சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் எங்கள் பக்கம் இருட்டிய பிறகு பூனையை வெளியே விடுவதில்லை. பகலிலும் அவன் அடுப்படி, ஜன்னல் திண்டு என்று வீட்டுக்குள்தான் கிடப்பான். ஆண், கருத்தடை செய்தது, கனத்த உடம்பு, ஓடியாடாத வாழ்க்கை என்று எல்லாம் சேர்ந்தால் பூனைக்குச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்று பின்னால்தான் தெரிந்தது. போதாததற்கு, தோல் அரிப்புக்காக ஒரு கிளினிக்கில் பல மாதம் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். ஸ்டீராய்டு பூனைகளுக்குச் சர்க்கரையைத் தூண்டிவிடும் என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அரிப்பு, மூச்சிளைப்பு என்று உங்கள் பூனைக்கு ஊசி போட வந்தால், இது ஸ்டீராய்டா, எத்தனை நாள் உடம்பில் நிற்கும், இடையில் சுகர் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

முதலில் கண்ணில் பட்டது தண்ணீர் குடிப்பது. கிண்ணம் காலியாகிக்கொண்டே இருந்தது. மணல் தட்டில் கட்டி கட்டியாக ஈரம். ஒரு நாள் தட்டுக்கு வெளியே போன இடத்தில் எறும்பு மொய்த்தது. நன்றாகச் சாப்பிட்டான், ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. அப்புறம் பின்னங்கால் நடை மாறியது. விரல்களை ஊன்றி நடக்க வேண்டிய பூனை, குதிகால் தரையில் படும்படி தட்டையாக நடந்தான். குளிரில் மூட்டு வலி என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அது சர்க்கரையால் நரம்பு பலவீனமாகும் அறிகுறி. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு இது மெல்லச் சரியாகும். முத்துவுக்கும் முக்கால்வாசி சரியானது.

குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டே வந்தான். சுகர் 420 காட்டியது. அந்த ஒரு எண்ணை வைத்து டாக்டர் முடிவு செய்யவில்லை, அது எனக்குப் பிடித்தது. பயந்த பூனைக்குச் சர்க்கரை நோய் இல்லாமலே 300க்கு மேல் ஏறுமாம். கடந்த சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும், சிறுநீரில் சர்க்கரை போகிறதா என்பதையும் பார்த்துத்தான் உறுதி செய்தார். கூடவே கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்கும் கழிவின் அளவு எடுத்தார், 3.1 வந்தது. பூனைகளின் கிட்னி நோயை நான்கு நிலையாகப் பிரிக்கும் ஐரிஸ் முறையில் 2.9இலிருந்து 5 வரை மூன்றாம் நிலை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், எடை குறைவது என்று இரண்டு நோய்க்கும் அடையாளம் ஒன்றே. ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடுவார்கள். சதை வற்றிய பூனைக்குக் கிரியாட்டினின் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். எஸ்.டி.எம்.ஏ. என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, சதை குறைந்தாலும் அது அவ்வளவாக ஏமாற்றாது. முடிந்தால் அதையும் கேளுங்கள். வீட்டில் லில்லிப் பூ உண்டா என்றும் டாக்டர் கேட்டார். கோத்தகிரிப் பக்கம் பசுமைக்குடில்களில் லிலியம் வளர்க்கிறார்கள், ஜாடியில் வைக்க யாராவது கொடுத்துவிடுவார்கள். அதன் இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் கிட்னியை ஓரிரு நாளில் செயலிழக்க வைக்கும். எங்கள் வீட்டில் அது இல்லை. பூனை வளர்ப்பவர்கள் வாங்கவே வேண்டாம்.

அந்த முதல் முறை ஆஸ்பத்திரியில் தங்க வைத்தது, பரிசோதனை, டாக்ஸி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்குப் பக்கம். கையில் ஒரு இன்சுலின் கார்ட்ரிட்ஜும் ஒரு சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள். கிளார்ஜின் என்கிற இன்சுலின், ஒரு யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. மனிதர்கள் போட்டுக்கொள்ளும் அதே மருந்துதான், ஊர் மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

ஆபத்து இருப்பது சிரிஞ்சில். தயவுசெய்து இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நம் நாட்டில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு வகை. சிவப்பு மூடி போட்டது, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி போட்டது, ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு. எனக்குக் கொடுத்த கிளார்ஜின் 100 யூனிட் வகை. கடையில் சிரிஞ்ச் கேட்டதும் சிவப்பு மூடியை எடுத்து வைத்தார்கள், அதுதான் அதிகம் விற்பது. அதில் ஒரு கோடு அளவு இழுத்திருந்தால் முத்துவுக்கு ஒரு யூனிட்டுக்குப் பதில் இரண்டரை யூனிட் போயிருக்கும். சீட்டில் சிரிஞ்ச் வகை எழுதியே இல்லை. கார்ட்ரிட்ஜ் மேல் இருந்த 100 என்ற எண்ணையும் சிரிஞ்ச் மேல் இருந்த 40 என்ற எண்ணையும் பார்த்துச் சந்தேகம் வந்து டாக்டருக்குப் போன் செய்ததால் தப்பித்தோம். அரை யூனிட் கோடு போட்ட, 30 யூனிட் மட்டும் பிடிக்கிற சின்ன சிரிஞ்சை ஆன்லைனில் வரவழைத்தேன். பூனைக்கு அதுதான் வசதி.

இன்சுலின் கெட்டுப்போகும் என்று கீழே இருப்பவர்கள் வெயிலுக்குப் பயப்படுவார்கள். நம் மலையில் பயப்பட வேண்டியது உறைந்து போவதற்கு. ஃப்ரிட்ஜின் உள்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், ஒரு முறை உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கதவுத் தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைத்தேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள் கணக்கில் கரண்ட் போனாலும் இங்கிருக்கும் குளிரில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கிளார்ஜின் தெளிந்த தண்ணீர் போல இருக்க வேண்டும், கலங்கினால் போடக் கூடாது. குலுக்கக் கூடாது, எதோடும் கலக்கவும் கூடாது. ஊசி போடுவது நாம் நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. முத்து சாப்பிடத் தலையைக் குனிந்ததும் விலாப்பக்கம் தோலைத் தூக்கிப் போட்டுவிடுவேன், பல நாள் அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் திமிறி, மருந்து உள்ளே போனதா முடியில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை சர்க்கரை கூடி இருந்தால் பூனை தாங்கும், அளவுக்கு மேல் இறங்கினால் தாங்காது.

காதில் குத்திச் சுகர் பார்ப்பதுதான் எனக்கு அழுகை வரவழைத்த வேலை. மார்கழிக் காலையில் அவன் காது ஐஸ் மாதிரி இருக்கும், குத்தினால் சொட்டு ரத்தம் வராது. காட்டன் சாக்ஸில் அரிசி கட்டித் தோசைக்கல்லில் லேசாகச் சூடு செய்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, காது விளிம்பில் ஒரு நிமிஷம் ஒற்றினால் வரும். குத்தும் இடத்தில் துளி வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். மீட்டரும் குளிரில் வேலை செய்யாது. பெரும்பாலான குளுக்கோமீட்டர்களுக்கு 10 டிகிரிக்கு மேல் வேண்டும், எங்கள் அடுப்படி சில நாள் அதற்கும் கீழே போகும். மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பார்ப்பேன். இன்னொன்று, மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். அதனால் ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பதறினால் பைத்தியம் பிடித்துவிடும், எனக்குக் கிட்டத்தட்ட பிடித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து காதைக் குத்திக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓட ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் சொன்னார்: 120இலிருந்து 300க்குள் நின்றால் போதும், இவனுக்கு அதற்குமேல் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். சர்க்கரை நோய் மட்டும் இருக்கும் பூனையானால் ஆரம்பத்திலேயே நன்றாகக் கட்டுப்படுத்தி இன்சுலினே தேவைப்படாத நிலைக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள், சில பூனைகளுக்கு அது நடக்கவும் செய்கிறது. கிட்னியும் சேர்ந்த வயதான பூனைக்கு அந்தப் பந்தயம் தேவையில்லை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் இரண்டு நோயும் நேருக்கு நேர் மோதின. சர்க்கரைக்கு மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த உணவு வேண்டும். கிட்னி உணவு என்று விற்பதில் பாஸ்பரஸும் புரதமும் குறைவு, அந்த இடத்தை நிரப்ப மாவுச்சத்து கூடுதல். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நானும் இரண்டு வகை மூட்டையையும் வாங்கி, இரண்டையும் அவன் தொடாமல், 4,000 ரூபாய்க்கு மேல் வீணானது. கடைசியில் டாக்டர் சொன்ன வழி எளிது. முதலில் பூனை சாப்பிட வேண்டும். அவன் விரும்பிச் சாப்பிடும் மாவுச்சத்து குறைந்த ஈர உணவைக் கொடுத்து, அதிலேயே பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மருந்தைக் கலந்துவிடுவது. சோறும் மத்தி மீனும் பிசைந்து வைக்கும் நம் வழக்கத்தில் சோற்றை நிறுத்தினேன். கருவாடு, பால் இரண்டும் அடியோடு நின்றன. குழம்பில் வெந்த கறி வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். வெறும் வேகவைத்த கோழிக்கறி ஒரு வேளைக்குச் சரி, அதையே முழு உணவாக வைத்தால் கால்சியம் இல்லாமல் போகும். வாங்கும் மூட்டை எதுவானாலும் முதலில் சின்னப் பொட்டலம் வாங்கிப் பாருங்கள்.

வீட்டிலேயே தோலுக்கடியில் டிரிப் ஏற்றக் கற்றுக்கொண்டேன். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் கிட்னி கெட்ட பூனைக்கு இதைப் போல உடனே தெம்பு தரும் விஷயத்தை நான் பார்க்கவில்லை. வாரத்தில் சில நாள், ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புநீர் 100 மில்லி. பாட்டிலை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தோளுக்கு நடுவே தோலைத் தூக்கி ஊசியை விட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தோலுக்கடியில் ஒரு மேடு நிற்கும், சில சமயம் முன்னங்காலுக்கு இறங்கும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பாட்டில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். கடையில் டி.என்.எஸ். என்று எடுத்துக் கொடுப்பார்கள், அதில் சர்க்கரை இருக்கிறது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி பாட்டில்தான்.

இனி அந்த ஐப்பசி ராத்திரி. இரண்டு நாளாக மழை, கரண்ட் இல்லை, கீழே போகும் ரோட்டில் மண் சரிந்து அடைத்துவிட்டது என்று சொன்னார்கள். முத்து சாயங்காலம் பாதிதான் சாப்பிட்டான். அதற்குள் இரண்டு யூனிட்டுக்கு ஏற்றியிருந்தார்கள், அதையே போட்டேன். பாதி சாப்பிட்டால் எவ்வளவு போட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பத்து மணிக்கு மேல் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், குடித்தவன் போலத் தள்ளாடி நடந்து சுவரில் மோதி உட்கார்ந்தான். தாடை நடுங்கியது. மீட்டரில் 41. எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துவிட்டது. வீட்டில் மலைத்தேன் இருந்தது. விரலில் தொட்டு ஈறில் தடவினேன், மறுபடி மறுபடி. வாய்க்குள் ஊற்றக் கூடாது, அந்த நிலையில் விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். கால் மணி நேரத்தில் நிமிர்ந்து பார்த்தான். உடனே ஈர உணவைக் கொடுத்து, கால் மணிக்கொரு தரம் சுகர் பார்த்து, நடுவில் ஒரு கோடு சிக்னலில் டாக்டரைப் பிடித்தேன். தேன் கொஞ்ச நேரம்தான் தாங்கும், இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும், விடியும் வரை விடாதீர்கள் என்றார். விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பேச்சுக்குக்கூட ஒருவர் இல்லாமல் அந்த ராத்திரியைக் கழித்தது இப்போதும் நெஞ்சை அடைக்கிறது.

ரோடு திறந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் 4ஐத் தாண்டியிருந்தது. உடம்பிலிருந்து இன்சுலினை வெளியேற்றுவதில் கிட்னிக்கும் பங்கு உண்டு. கிட்னி தளரத் தளர, போட்ட இன்சுலின் கூடுதல் நேரம் தங்கும். பசியும் குறையும். ஆக, நேற்று வரை சரியாக இருந்த அளவே இன்று அதிகமாகிவிடும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கினேன்: முழுக்கச் சாப்பிட்டால் எவ்வளவு, பாதி சாப்பிட்டால் எவ்வளவு, சாப்பிடவே இல்லையென்றால் என்ன, ஊசிக்கு முன் சுகர் எதற்குக் கீழே இருந்தால் போடக் கூடாது. இந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நீங்கள் முதல் நாளே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு முறை கிட்னி ரிப்போர்ட் வரும்போதும் இன்சுலின் அளவு மாற வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

பயந்துபோய் இன்சுலினை நாள் கணக்கில் நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்துக் கீட்டோன் என்கிற அமிலம் ரத்தத்தில் சேரும். வாந்தி, சோர்வு, சாப்பாட்டை மறுப்பது, வாயில் ஒரு மாதிரிப் பழ வாடை வந்தால் அது அவசரம், வீட்டு வைத்தியம் உதவாது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் மருந்துக் கடையில் கிடைக்கும், ஒரு டப்பா வைத்திருங்கள். தலையை நிமிர்த்த முடியாமல் கழுத்து தொங்கினால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். திடீரென்று கண் தெரியாமல் முட்டிக்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், கிட்னி பூனைகளுக்கு அது வரும், உடனே காட்ட வேண்டும். வலி என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, அங்கே பூனைக்குச் சர்க்கரை மருந்து வாயில் கொடுக்க வந்துவிட்டது, வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டான். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் என்கிற அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்கும் கிட்னி மோசமான பூனைக்கும் அது ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

பணம் என்று பார்த்தால் இன்சுலின் பெரிய செலவே இல்லை. சுகர் ஸ்ட்ரிப், ஈர உணவு, கீழே போய்வரும் டாக்ஸி, இவைதான் தின்றன. மாதம் 6,000இலிருந்து 7,000 வரை ஆனது, ரத்தப் பரிசோதனை உள்ள மாதம் அதற்கு மேல். மொத்தத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பூனைக்கா இவ்வளவு என்று மாமியார் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை, அழுதுவிட்டேன். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, இன்றும் அந்த வருத்தம் அவர்களுக்கு இருக்கிறது. பிறகுதான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊசி போடக் கற்றுக் கொடுத்தேன். அவர்கள் வீட்டுத் தாத்தாவுக்கு இன்சுலின் போட்டுப் பழக்கம் இருந்ததால் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தெருவிலும் இன்சுலின் போடத் தெரிந்த ஒருவராவது இருப்பார். வெட்கப்படாமல் ஆரம்பத்திலேயே கேளுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

கடைசி மாதங்களில் இன்சுலின் அரை யூனிட்டுக்கு இறங்கியது. பசி தூண்ட மிர்ட்டாசபைன், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கிட்னி பூனைக்கு அதை மனம்போன போக்கில் தினமும் கொடுக்கக் கூடாது. முத்து தானாகச் சாப்பிட வருகிறானா, மணல் தட்டுக்கு நடந்து போகிறானா, தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறானா என்ற மூன்றையும் நோட்டில் எழுதி வந்தேன். மூன்றும் இல்லாத நாட்கள் தொடர்ந்தால் வைத்தியத்தை நிறுத்தி அவனை வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்று டாக்டரோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். அந்த நிலை தை மாதத்தில் வந்தது. டாக்டர் ஊசி போட்டபோது அவன் என் மடியில் இருந்தான். இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாமோ என்ற கேள்வி எனக்கு வரவில்லை, நோட்டைப் புரட்டினால் விடை அதில் இருந்தது. இந்தப் பேச்சை நல்ல நாளிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது யோசிக்க வராது.

இப்போதுதான் சீட்டும் கையுமாக வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், இன்று ராத்திரிக்குள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மருந்தின் மேலும் சிரிஞ்சின் மேலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். தேன் அல்லது குளுக்கோஸ் பொடியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ராத்திரியில் எடுக்கக்கூடிய ஒரு டாக்டரின் நம்பரை வாங்கி, மழைக்காலமானால் கீழே போகாமல் மேலேயே யாரிடம் போகலாம் என்றும் கேட்டு வையுங்கள். போட்டு முடித்த ஊசிகளைக் குப்பையில் எறியாமல் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். இங்கே குப்பையைக் கரடியும் குரங்கும் கிளறும், அள்ளுகிறவர்கள் வெறுங்கையால்தான் அள்ளுகிறார்கள்.